தேதி தாண்டிய மாத்திரைகள்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "பொதுவா ஆரோக்கியத்தைப் பத்தி ஏதாவது சொல்லுங்கோ மாமி, அரை மணி போதும்" என்றார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி ஆகியவற்றைப் பற்றி இங்கே இருக்கும் பலர் எனக்கே பாடம் எடுப்பீர்கள். அதனால் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அவரும் பெருந்தன்மையாகச் சம்மதித்தார்.

இந்த மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடந்த நான்கு வருஷங்களாக என் சிநேகிதி ஒருத்தியும் நானும் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை தாணாவுக்கு அப்பால் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய், அவர்களுடைய மருந்து அலமாரியைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். இல்லத்தின் பெயரைச் சொல்லவில்லை. குறை சொல்வதற்காக நான் இங்கே நிற்கவில்லை. நான் பார்த்த மற்ற இல்லங்களிலும் இதே கதைதான்.

போன மாதம் நம் செயற்குழுவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உறுப்பினர்கள் வீட்டில் மீந்துபோன மருந்துகளைப் போடுவதற்கு இந்த ஹாலின் வாசலில் ஒரு பெட்டி வைக்கலாம், சேருவதை முதியோர் இல்லங்களுக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை. நல்ல மனசோடு செய்த யோசனைதான். ஆனால் அந்தப் பெட்டி வேண்டாம் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது பாருங்கள்.

அந்த இல்லத்துக்கு முதல் தடவை போனபோது இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார்கள். கீழ்த்தட்டுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேலே பெயர் எழுதிய சீட்டு. ஒழுங்காகத்தான் இருந்தது. மேல்தட்டில் மட்டும் பெயர் எதுவும் இல்லாத மூன்று அட்டைப்பெட்டிகள். "இது என்னம்மா?" என்று நர்ஸ் பெண்ணைக் கேட்டேன். "அது பொது மருந்து, மேடம்" என்றாள்.

மருந்தில் பொது என்று ஒன்று கிடையாது. கல்யாண வீட்டில் பந்திப்பாய் பொதுவாக இருக்கலாம். மருந்து ஒருவருக்கு, ஒரு வியாதிக்கு, ஒரு டாக்டர், ஓர் அளவில் எழுதிக் கொடுப்பது. அந்தப் பெட்டிகளைக் கீழே இறக்கிப் பார்த்தோம். வெட்டிய ஸ்ட்ரிப்புகள், பாதி குடித்த சிரப் பாட்டில்கள், திறந்த கண் சொட்டு மருந்துகள், உபயோகித்த இன்சுலின் பேனாக்கள், பிதுக்கிச் சுருட்டிய களிம்பு ட்யூபுகள், அமெரிக்காவிலிருந்து வந்த ஆரஞ்சு நிறப் புட்டி ஒன்று. அதில் எந்த மாத்திரை இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. பிரித்து முடித்தபோது தேதி தாண்டியவையும், தேதியே தெரியாதவையும் சேர்ந்து இரண்டு பக்கெட். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. எறிய மனசு வராமல் எடுத்து வைத்தவைதான் எல்லாம்.

இவை எப்படி வந்து சேருகின்றன? டாக்டர் மருந்தை மாற்றுகிறார், பழையது மிச்சமாகிறது. அது ஒரு வழி. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையோ பெண்ணோ ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாசம்தான், புரிகிறது. ஆனால் 80 வயதில் மருந்து ஆறு மாதம் அப்படியே மாறாமல் இருப்பது அபூர்வம். அடுத்தது, ஒருவர் காலமாகிறார். குடும்பத்தார் காரியங்கள் முடிந்து வந்து, துணிமணிகளையும் மருந்து டப்பாவையும் "இங்கேயே யாருக்காவது உபயோகப்படட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கடைசி வழி, நம்மைப் போன்ற சங்கங்கள். பண்டிகைக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு ஒரு பை மருந்தும் போகிறது.

தேதி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஸ்ட்ரிப்பில் மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். நம் நாட்டு மருந்து விதிகளே அப்படிச் சொல்கின்றன. மார்ச் என்றிருந்தால் மார்ச் 31 வரை சாப்பிடலாம், மார்ச் முதல் தேதியே தூக்கிப் போட வேண்டாம். காலாவதியான சரக்கை விற்பதற்கும் விற்பனைக்கு வைப்பதற்கும் கடைக்காரருக்கு அனுமதி கிடையாது. ஆனால் அந்த மருந்து நம் வீட்டுக்கோ இல்லத்துக்கோ வந்துவிட்ட பிறகு அதைக் கண்காணிக்க யாரும் வருவதில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

பார்ப்பதுதான் கஷ்டம். அந்தத் தேதியை அலுமினியத் தகட்டின் ஓரத்தில் நிறமே இல்லாமல் அழுத்தி வைத்திருப்பார்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களை விடுங்கள், எனக்கே டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. அதைவிடப் பெரிய தொந்தரவு கத்தரிக்கோல். பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பில் நான்கு கேட்டால் கடைக்காரர் வெட்டித் தருவார். தேதி இருக்கும் ஓரம் யாரிடம் போயிற்றோ, அவருக்குத்தான் தேதி தெரியும். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும். அந்தச் சீட்டை மருந்து டப்பாவுக்குள்ளேயே மடித்துப் போட்டு வையுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் க்யூஆர் கோடு போடவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பேரனிடம் செல்போனைக் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொன்னால் தேதி உட்பட எல்லா விவரமும் வரும். பேரனுக்கும் தாத்தாவோடு உட்கார ஒரு சாக்கு கிடைக்கும்.

இன்னொரு தேதி உண்டு. அதை யாருமே எழுதி வைப்பதில்லை. திறந்த தேதி. கண் சொட்டு மருந்தைத் திறந்தால், பெரும்பாலானவை நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. லேபிளில் இரண்டு வருஷம் கழித்துத் தேதி இருந்தாலும் சரி. இன்சுலினைத் திறக்காத வரை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், உறைந்துபோகாமல் வைக்க வேண்டும். திறந்த பிறகு பலவற்றுக்குச் சுமார் 28 நாள்தான் கணக்கு. தண்ணீர் ஊற்றிக் கலக்கும் ஆன்டிபயாடிக் சிரப்புக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், அந்தந்தப் பாட்டிலில் எழுதியிருக்கும். அந்த இல்லத்தில் நாங்கள் முதலில் செய்த காரியம், நூறு ரூபாய்க்கு அழியாத மை பேனாக்கள் வாங்கிக் கொடுத்ததுதான். திறந்தவுடன் பாட்டிலின் மேல் தேதி எழுது, அவ்வளவுதான். இதற்கே பழக்கம் வர மூன்று மாதம் ஆயிற்று.

இங்கே எப்போதும் ஒரு கேள்வி வரும். இன்று காலையில்கூட ஒரு மாமா கேட்டார். "ஏம்மா, ஏப்ரல் 30 வரைக்கும் மருந்து, மே 1 ஆனா விஷமாயிடுமா? கம்பெனிக்காரன் வியாபாரத்துக்குப் போட்ட தேதி தானே அது?" இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். விஷமாகிவிடாது. அமெரிக்காவில் ராணுவத்துக்காகச் சேமித்து வைக்கும் மருந்துகளை 1986 முதல் சோதித்து வருகிறார்கள். 2006-இல் வெளிவந்த ஆய்வின்படி, 122 வகை மருந்துகளில் 3,005 தொகுதிகளைச் சோதித்ததில், 88 சதவிகிதம் தேதிக்குப் பிறகும் குறைந்தது ஒரு வருஷமாவது தரம் கெடாமல் இருந்தன. மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த மருந்துகள் இருந்த இடம் என்ன? உறை பிரிக்காமல், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய கிடங்கில். நம் மருந்து இருக்கும் இடம் என்ன? ஆடி மாத மும்பை மழையில் அப்பளம் நமத்துப்போகும் சமையலறை அலமாரியில், ஜன்னலோரம், பாத்ரூம் கண்ணாடிக்குப் பின்னால். இல்லங்களில் மாத்திரைகளை உறையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். அந்த ஆய்வு நம் டப்பாவுக்குச் செல்லாது. இன்னொன்று, எல்லா மருந்தும் ஒரே ஜாதி இல்லை. தலைவலி மாத்திரை கொஞ்சம் வீரியம் குறைந்தால் தலைவலி கொஞ்சம் நீடிக்கும். தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து ஆகியவற்றில் அளவு கொஞ்சம் மாறினாலே உடம்பு காட்டிக்கொடுக்கும். சொட்டு மருந்தில் கிருமி சேரும். 1960-களில் பழைய டெட்ராசைக்ளின் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள். அது அந்தக் காலத்துத் தயாரிப்பு, ஆனாலும் நடந்தது. எந்த மருந்து எந்த ரகம் என்று பார்த்துப் பிரிக்க இல்லத்தில் யார் இருக்கிறார்கள்? இரவு ஷிப்டில் ஒரு மாவுஷி இருப்பாள். பத்தாவது படித்திருந்தால் அதிர்ஷ்டம். அவளுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே விதி, தேதி தாண்டியது வேண்டாம் என்பதுதான்.

நான் பார்த்த இன்னொரு இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாட்டிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மார்வலி. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அவருடைய டப்பாவில் தீர்ந்திருந்தது. "பொது மருந்து" பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார்கள். அடங்கவில்லை. இன்னொன்று. பிறகு இன்னொன்று. அந்த ஸ்ட்ரிப்பின் தேதி முடிந்து 14 மாதம் ஆகியிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. மாத்திரை பழசானதால்தான் வலி அடங்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். புது மாத்திரையும் கேட்காமல் போயிருக்கலாம். ஆனால் மருந்து கொடுத்தாயிற்று என்ற தைரியத்தில் முக்கால் மணி நேரம் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருந்தார்கள். பாட்டி பிழைத்தார். அதற்குப் பிறகு அவரால் மாடி ஏற முடியவில்லை. கீழ் அறைக்கு மாற்றினார்கள். ஒரு மாத்திரை வைத்து ஐந்து நிமிஷத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும். நடுவில் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தில் இதையெல்லாம் எப்படிச் சரிசெய்வது? முதலில், அலமாரியிலிருந்து எடுத்ததை வைக்க ஒரு தனி இடம் வேண்டும். மூடியும் பூட்டும் உள்ள ஒரு பெட்டி, மேலே சிவப்பு டேப், அதே பீரோவில் வைக்காமல் வேறு அறையில். தேதி தாண்டியதும், நிறுத்திய மருந்தும், காலமானவருடைய மருந்தும் அன்றைக்கே அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். பக்கத்தில் ஒரு நோட்டு. மருந்தின் பெயர், எத்தனை, யாருடையது, ஏன் எடுத்தோம், இரண்டு பேர் கையெழுத்து. மிச்சமிருக்கும் மருந்தில் சீக்கிரம் தேதி முடியப் போவதை முன்னாலும், தள்ளி முடிவதைப் பின்னாலும் அடுக்க வேண்டும். நம் பாட்டிகள் ஊறுகாய் ஜாடிகளை அப்படித்தான் அடுக்குவார்கள்.

நோட்டைவிடக் கடினமானது மனுஷர்கள். ஆரம்பத்தில் எங்களுக்கு விளங்காத ஒரு விஷயம், நர்ஸ் பெண் ஏன் எங்களைக் கண்டாலே பதறுகிறாள் என்பது. பிறகுதான் தெரிந்தது, தேதி தாண்டிய மருந்து அகப்பட்டால் மேனேஜர் அவளைத் திட்டுவாராம். ஒரு தடவை சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். அப்புறம் அவள் என்ன செய்வாள்? யாரும் பார்க்காத நேரத்தில் சாக்கடையில் கொட்டுவாள், அல்லது மேல்தட்டில் ஒளித்து வைப்பாள். மேனேஜரிடம் உட்கார்ந்து பேசினோம். நாற்பது பேர் இருக்கும் இடத்தில் மாதாமாதம் ஏதாவது தேதி தாண்டத்தான் செய்யும், அதை எடுத்து எழுதினால் அவளுக்கு நன்றி சொல்லுங்கள் என்றோம். இப்போது ஒரு மாதம் நோட்டில் எதுவுமே எழுதவில்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

தங்கள் மருந்தைத் தாங்களே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. 84 வயது ரிட்டையர்ட் வாத்தியார் ஒருவர். தலையணைக்கு அடியில் ஒரு துணிப்பை. மாவுஷி கை வைத்தால், "என் மாத்திரை, என் காசு" என்று சத்தம் போடுவார். அவர் சொல்வது சரிதானே? சொந்த வீடு, சாமான், சமையலறை எல்லாவற்றையும் விட்டு வந்த மனுஷருக்குத் தன்னுடையது என்று மிச்சமிருப்பது ஒரு கட்டிலும் ஒரு பையும். அவர் தூங்கும்போது எடுத்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் சம்மதிக்கவில்லை. பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், எனக்குக் கண் தெரியலை, நீங்க படிச்சுச் சொல்லுங்கோ, நான் எழுதிக்கறேன்" என்றேன். வாத்தியார் அல்லவா? ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது ஸ்ட்ரிப்பிலேயே, "இது போன வருஷத்துதுன்னா?" என்று அவரே ஒதுக்கி வைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்று வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

இன்னொரு மாமா. மனைவியும் அவரும் சேர்ந்தேதான் இல்லத்துக்கு வந்தார்கள். மாமி போய் எட்டு மாதம் ஆகியும் மாமியின் மருந்து டப்பா மேஜை மேலேயே இருந்தது. காலை, மதியம், இரவு என்று மாமியின் கையெழுத்து. அதை யாரும் தொடச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை அவரே, "உள்ளே இருக்கறதை எடுத்துண்டு போங்கோ, டப்பாவைக் குடுத்துடுங்கோ" என்றார். மாத்திரைகளை எடுத்து, டப்பாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது அதில் ஏலக்காய் வைத்திருக்கிறார்.

சரி, அந்தச் சிவப்புப் பெட்டி நிறைந்த பிறகு என்ன செய்வது? மருத்துவமனை, நர்சிங் ஹோம், கிளினிக் என்றால் 2016-ஆம் வருஷத்து உயிரி மருத்துவக் கழிவு விதிகள் இருக்கின்றன. காலாவதி மருந்து மஞ்சள் பையில் போய், அதற்கென்று உள்ள நிலையத்தில் எரிக்கப்பட வேண்டும். இல்லத்திலேயே சிகிச்சை அறை வைத்திருப்பவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விசாரித்து அப்படிப்பட்ட நிலையத்தோடு ஏற்பாடு செய்துகொள்வது உத்தமம். நம் ஊரில் 2025-இல் மாநகராட்சி, டயப்பர், நாப்கின், காலாவதி மருந்து போன்றவற்றைத் தனியாக எடுத்துச் செல்லும் சேவையை ஆரம்பித்தது. ஹவுசிங் சொஸைட்டிகள், விடுதிகள் முதலியன பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் சொஸைட்டி பதிவு செய்திருக்கிறதா என்று செக்ரட்டரியைக் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் கேட்டதில்லை என்பது என் அனுமானம். கேரளத்தில் 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே வீடுகளிலிருந்து பழைய மருந்தைச் சேகரித்து எரிக்க அனுப்பும் திட்டத்தை நடத்துகிறது. அவர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் போய்விட்டார்கள்.

நாம் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். அது பொதுவாகத் தப்பு. ஆன்டிபயாடிக் சாக்கடைக்குப் போனால் அங்கே இருக்கும் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்கின்றன. மருந்து வெளியில் போய் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, நாடு முழுவதும் பிணந்தின்னிக் கழுகு இனமே ஏறக்குறைய அழிந்தது. மலபார் ஹில்லில் பார்ஸிகளின் மௌன கோபுரத்துக்குக் கழுகு வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மாட்டு வைத்தியத்தில் அதை 2006-இல்தான் தடை செய்தார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2025-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு வழிகாட்டிக் குறிப்பை வெளியிட்டது. மார்பின், ஃபென்டானில், ட்ரமடால், டயஸெபாம் உள்ளிட்ட 17 மருந்துகள் ஒரே வேளையில்கூட வேறொருவர் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், அவற்றை மட்டும், திருப்பிக் கொடுக்க வழி இல்லாவிட்டால், கழிப்பறையில் கொட்டிவிடச் சொல்கிறது. புற்றுநோயாளிகளுக்கும், தூக்கம் வராதவர்களுக்கும் எழுதிக் கொடுக்கும் மருந்துகள் இதில் இருப்பதால் இல்லங்கள் அந்தப் பட்டியலை அச்சிட்டுப் பீரோவின் உள்கதவில் ஒட்டிவைக்க வேண்டும்.

சேகரிக்கும் வண்டியும் இல்லை, நிலையமும் இல்லை என்னும் இடத்தில் என்ன வழி? மாத்திரைகளை உறையிலிருந்து எடுத்து, பொடி செய்யாமல், யாரும் சாப்பிடத் தோன்றாத ஏதாவதொன்றோடு கலந்து, இறுக மூடிய டப்பாவிலோ பையிலோ போட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு உபயோகித்த காபித்தூளைச் சிபாரிசு செய்கிறார்கள். இதற்காவது நாம் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். காலை ஃபில்டரில் மிஞ்சும் சக்கை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். மூச்சுத் திணறலுக்கு அடிக்கும் இன்ஹேலரைத் துளைக்கவோ எரிக்கவோ கூடாது, வெடிக்கும். கொல்லைப்புறத்தில் மருந்தைக் கொளுத்துவதும் வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது அதே பெரியவர்கள்தான்.

காலி அட்டையையும் ஸ்ட்ரிப்பையும் அப்படியே பங்கார்வாலாவிடம் போடாதீர்கள். குறுக்கே வெட்டி, பெயரையும் தேதியையும் மையால் அடித்துவிட்டுப் போடுங்கள். 2010 மார்ச்சில் சென்னையில், காலாவதி மருந்துகளைத் திரட்டி, பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி போட்டுக் கடைகளுக்கு விற்ற கும்பல் பிடிபட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். நாம் முழுசாகத் தூக்கிப் போடும் ஸ்ட்ரிப் திரும்பவும் ஒரு கடை அலமாரிக்கே வரலாம்.

கடைசியாக நம் பெட்டி விஷயம். மருந்து தானத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறிமுறைகள் வகுத்து, 1999-லும் 2010-லும் திருத்தியிருக்கிறது. ஒரு நோயாளிக்குக் கொடுத்து மீந்து திரும்பி வந்த மருந்தைத் தானம் செய்யக் கூடாது என்பதும், போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது தேதி பாக்கி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்த ஹால் வாசலில் விழும் மருந்தில் எத்தனை அந்தப் பரீட்சையில் தேறும்? எப்படிச் சேமித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? தேறாததைப் பிரித்து எறியும் வேலையையும் செலவையும் அந்த நர்ஸ் பெண்ணின் தலையில் கட்டுகிறோம். நமக்கு வேண்டாததை எறிய மனசில்லாமல், அவர்களைக் கொண்டு எறியச் சொல்கிறோம். இதற்கு தானம் என்ற பெயர் எனக்கு ஒட்டவில்லை. கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்றால் க்ஷமிக்க வேண்டும்.

ஆகவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம். பெட்டிக்குப் பதிலாக, ஒரு இல்லத்தின் பக்கத்து மருந்துக் கடையில் நம் சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறப்போம். டாக்டர் சீட்டில் உள்ளது, சீட்டில் உள்ளவருக்கு, ஒரு மாதத்துக்கு. பில்லை நாம் கட்டுவோம். டயப்பருக்கும், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும் எப்போதும் தட்டுப்பாடு, அதை வாங்கித் தரலாம். உறுப்பினர்கள் வீட்டு மருந்தைச் சோதிக்க நம் பத்திரிகையே நல்ல நாள்காட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தபாலில் வரும்போது, அதைப் பிரிப்பதற்கு முன் மருந்து டப்பாவைத் திறங்கள். பெட்டி வைத்தே தீர வேண்டும் என்றால், எரிக்க அனுப்பும் பெட்டியாக வையுங்கள், நானே சாவி வைத்துக்கொள்கிறேன்.

வருகிற இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் தாணா ஸ்டேஷனில் காலை ஒன்பது மணிக்கு, டிக்கெட் கவுன்டர் பக்கம் நிற்போம். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடியும். மருந்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். படிக்கும் கண்ணாடி, ஒரு கத்தரிக்கோல், அழியாத மை பேனா இருந்தால் போதும். வாத்தியார் சாரிடம் உட்காருபவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.